ஜெயிக்காத நாட்களின் கணக்கு: யென்ஸ் ஃபோக்ட்டை வைத்துச் சைக்கிள் பந்தயத்தைப் புரிந்துகொள்வோம்

ஜெர்மனியைச் சேர்ந்த யென்ஸ் ஃபோக்ட், டூர் டி பிரான்ஸ் போட்டியில் 17 முறை சைக்கிள் ஓட்டியவர். எல்லாம் சேர்த்தால் 300-க்கும் மேற்பட்ட பந்தய நாட்கள் வரும். அவற்றில் அவர் தனியாளாக முதலில் வந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது 2 நாட்கள்தான். மொத்தப் போட்டியை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை, வெல்லும் நிலைக்கு அருகிலும் வந்ததில்லை. ஆனாலும் 2014-இல் அவர் ஓய்வு பெற்றபோது பெரிய சாம்பியன்களுக்குக் கிடைக்கும் வழியனுப்புதல் அவருக்குக் கிடைத்தது.

சைக்கிள் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு ஓட்டப்பந்தய வீரரின் வாழ்க்கையை அவர் வாங்கிய பதக்கங்களை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். சாலைப் பந்தயச் சைக்கிள் வீரர்களில் பெரும்பாலானோரை அப்படி அளக்க முடியாது. அவர்கள் வாங்கும் சம்பளமே வேறொருவரை ஜெயிக்க வைப்பதற்குத்தான். அந்த வேலை என்ன, ஒரு மனிதர் அதை 18 வருடம் எப்படிச் செய்தார் என்பதை ஃபோக்ட்டின் கதையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பந்தயத்தின் அமைப்பு. டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. வழக்கமாக ஜூலை மாதத்தில் 3 வாரம் நடக்கும். 21 கட்டங்கள், நடுவில் 2 நாள் ஓய்வு, மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டமும் அன்றைக்கு ஒரு தனிப் பந்தயம். முதலில் வருபவர் அந்தக் கட்டத்தை வென்றவர். கூடவே எல்லோரின் நேரத்தையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர் மறுநாள் மஞ்சள் ஜெர்சி அணிந்து ஓட்டுவார். கடைசிக் கட்டம் முடிந்த பிறகு அந்த ஜெர்சி யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த ஆண்டின் சாம்பியன். ஃபோக்ட் காலத்தில் அணிக்கு 9 பேர். 2018 முதல் 8 பேர்.

சாம்பியன் ஒருவர்தான் என்றால் அணி எதற்கு? விடை காற்றில் இருக்கிறது.

ஓடும் லாரிக்குப் பின்னால் சைக்கிளை ஒட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும் (ஆபத்தான வேலை, யாரும் முயல வேண்டாம்). எதிர்க்காற்று சட்டென்று நின்று, மிதிப்பது லேசாகிவிடும். பந்தயத்திலும் இதேதான். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது கால்களின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொண்டால் அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கமாகப் போகும் பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம் மிச்சம். அந்தக் கூட்டத்துக்குப் பெலட்டான் என்று பெயர்.

ஆகவே ஒரு நாளில் 5 மணி நேரம் பந்தயம் நடந்தால், ஜெயிக்க வேண்டியவர், அதாவது அணியின் தலைவர், முதல் நான்கரை மணி நேரம் காற்றே படாமல் வர வேண்டும். அவருக்காகக் காற்றை வாங்குபவர்களைப் பந்தய உலகில் டொமெஸ்டிக் என்பார்கள். இனி உதவி வீரர் என்றே சொல்கிறேன்.

அவர்கள் வேலை காற்றோடு முடிவதில்லை. அணியின் கார் கூட்டத்துக்குப் பின்னால் வரும். தலைவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் உதவி வீரர் வேகத்தைக் குறைத்துக் காரிடம் போய், பாட்டில்களை ஜெர்சியின் முதுகுப் பைகளிலும் கழுத்து வழியாக உள்ளேயும் திணித்துக்கொண்டு, அத்தனை எடையோடு மறுபடி கூட்டத்தைக் கடந்து முன்னால் வந்து விநியோகிப்பார். தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார், தேவைப்பட்டால் சைக்கிளையே கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார். தலைவர் கீழே விழுந்து பின்தங்கினால் நான்கைந்து பேர் நின்று அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள்.

இன்னொரு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டத்திலிருந்து சிலர் பிரிந்து முன்னால் பாய்வார்கள். சில நிமிட முன்னிலை எடுப்பார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் யாராவது ஒரு அணி கூட்டத்தின் முகப்புக்கு வந்து மணிக்கணக்கில் காற்றை வாங்க வேண்டும். வேகமெடுத்த கூட்டம் 10 கிலோமீட்டருக்கு 1 நிமிடம் மீட்கும் என்பது பழைய கணக்கு. இங்கேதான் சாமர்த்தியம் வருகிறது. தப்பித்துப் போன கூட்டத்தில் நம் அணி ஆள் ஒருவர் இருந்தால், துரத்தும் பொறுப்பு நமக்கு இல்லை. மற்ற அணிகள் களைத்துப் போகட்டும் என்று விட்டுவிடலாம். முன்னால் போனவர் தப்பித்துவிட்டால் வெற்றி நமக்கு. பிறகு மலையில் நம் தலைவரே பாய்ந்து முன்னேறினால், அங்கே காத்திருந்து அவரை இழுத்துச் செல்ல ஏற்கெனவே ஒரு ஆள் தயார்.

ஃபோக்ட் இந்தக் கடைசி வேலைக்கென்றே பிறந்தவர். ஆறடிக்கும் மேல் உயரம். செங்குத்தான மலைகளில் ஒல்லியான மலையேறிகளோடு அவரால் போட்டி போட முடியாது. கடைசி 200 மீட்டரில் வெடித்துக் கிளம்பும் வேகமும் இல்லை. அவரிடம் இருந்தது, வலிக்கும் வேகத்தில் நெடுநேரம் ஓட்டும் திறன். கால்கள் கெஞ்சும்போது, 'கால்களே, வாயை மூடுங்கள்' என்று அவற்றிடம் சொல்வேன் என்பார். அந்த வாசகம் பின்னாளில் ரசிகர்களின் சட்டைகள் வரை போய்ச் சேர்ந்தது.

அவர் பிறந்தது 1971-இல், அன்றைய கிழக்கு ஜெர்மனியின் கிரெவெஸ்மூலன் என்ற சிறு நகரில். அந்த நாட்டின் அரசு விளையாட்டுப் பள்ளியில் வளர்ந்தவர். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தபோது அவருக்கு வயது 18. பயிற்சி கொடுத்த அமைப்பு முழுவதும் ஓரிரு வருடங்களில் கலைந்துபோனது. 1994-இல் கிழக்கு ஐரோப்பாவின் புகழ்பெற்ற அமெச்சூர் போட்டியான அமைதிப் பந்தயத்தை வென்ற பிறகும் தொழில்முறை அணி உடனே கிடைக்கவில்லை. 1997-இல், 25 வயதில்தான் முதல் ஒப்பந்தம். பலர் 21, 22 வயதிலேயே நுழைந்துவிடும் தொழில் இது. மறு வருடம் பிரெஞ்சு அணியான கானுக்குப் போனார். அது விரைவில் கிரெடி அக்ரிகோல் என்று பெயர் மாறியது.

பெயர் மாறியது என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். சைக்கிள் அணிகளுக்கு ஊரும் இல்லை, மைதானமும் இல்லை, டிக்கெட் வருமானமும் இல்லை. ஜெர்சியில் பெயர் போடும் நிறுவனத்தின் பணத்தில்தான் அணி உயிர்வாழ்கிறது. நிறுவனம் விலகினால் அணி பெயர் மாறும், அல்லது மறையும். வீரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்கே. உதவி வீரரின் வேலை பத்திரிகையில் வராது, ஆனால் அணி மேலாளர்களும் மற்ற வீரர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஒப்பந்தம் அந்தப் பார்வையிலிருந்துதான் வருகிறது. பரிசுப் பணமும் வழக்கப்படி அணியில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும்.

2001-இல் ஃபோக்ட் முதன்முதலாக மஞ்சள் ஜெர்சி அணிந்தார். ஒரே நாள்தான். அடுத்த கட்டத்தில் 14 பேர் தப்பித்துப் போய் அரை மணி நேரத்துக்கும் மேலான முன்னிலையோடு வந்து சேர்ந்தார்கள். அதில் அவருடைய அணித் தோழர் ஸ்டூவர்ட் ஓ'கிரேடி இருந்தார். ஜெர்சி அவரிடம் போனது. தன் ஜெர்சியைக் காப்பாற்ற அணியைத் துரத்த வைப்பது அங்கே அர்த்தமற்ற காரியம். அதே ஆண்டு சாரான் கிராமத்தில் முடிந்த 16-வது கட்டத்தை ஃபோக்ட் வென்றார். தனியாளாக அவர் வென்ற அந்த 2 நாட்களில் இது முதலாவது.

2004-இல் டென்மார்க்கின் சி.எஸ்.சி. அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று நடந்ததைப் புரிந்துகொண்டால் உதவி வீரரின் வேலை முழுவதும் புரிந்துவிடும்.

வில்லார் டி லான்ஸ் நோக்கிச் சென்ற 15-வது கட்டம் அது. வழியெல்லாம் மலை. ஃபோக்ட் முன்னால் தப்பித்துப் போன சிறு கூட்டத்தில் இருந்தார். கட்டத்தை வெல்லும் வாய்ப்பு இருந்தது. பின்னால், ஜெர்மனியின் செல்லப்பிள்ளையும் 1997 சாம்பியனுமான யான் உல்ரிச், முக்கியப் போட்டியாளர்களின் கூட்டத்திலிருந்து பாய்ந்து கிளம்பினார். அவர் தப்பித்துவிட்டால் சி.எஸ்.சி. தலைவர் இவான் பாஸோவின் முன்னணி இடத்துக்கு ஆபத்து. காரிலிருந்த மேலாளர் பியார்னே ரீஸிடமிருந்து ஃபோக்ட்டுக்கு உத்தரவு வந்தது: நின்று பாஸோவுக்கு உதவு.

அவர் நின்றார். முன்னால் போகும் வாய்ப்பை விட்டுவிட்டு, பின்னால் வந்த பாஸோவின் கூட்டத்தோடு சேர்ந்து, அதன் முகப்பில் நின்று காற்றை வாங்கிக்கொண்டு துரத்தினார். உல்ரிச் பிடிபட்டார். ஒரு ஜெர்மானியர் இன்னொரு ஜெர்மானியரின் கனவைக் கலைத்ததாகவே அவர் நாட்டு ரசிகர்களுக்குத் தோன்றியது. மறுநாள் ஆல்ப் டுவேஸ் மலையில் ஒவ்வொருவராகத் தனியே ஏறும் நேரப்பந்தயம். அந்தச் சாலையோரம் நெடுகிலும் ஜெர்மன் ரசிகர்கள் குவிந்திருந்தார்கள். ஒளிந்துகொள்ளக் கூட்டம் இல்லை. துரோகி என்ற கூச்சலுக்கு நடுவே அவர் தனியாக ஏறினார்.

என் பார்வையில் அவர் செய்ததில் துளியும் தவறில்லை. டூரில் நாடுகள் மோதுவதில்லை, அணிகள்தான் மோதுகின்றன. தலைவரின் இடம் ஆபத்தில் இருக்கும்போது முன்னால் சென்றவர் நின்று உதவாவிட்டால், அவரை முன்னால் அனுப்பிய திட்டத்துக்கே பொருளில்லை.

2006-இல் இதற்கு நேர் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அந்த ஆண்டு இத்தாலியின் ஜிரோ போட்டியில் பாஸோ முதலிடத்தில் இருந்தார். 19-வது கட்டத்தில் முன்னால் தப்பித்த கூட்டத்தில் ஃபோக்ட்டும் இருந்தார், ஆனால் வேலை செய்யாமல். தலைவர் பின்னால் இருக்கும்போது தப்பித்தவர்களை வேகப்படுத்த அவர் உதவக் கூடாது. மற்றவர்கள் காற்றை வாங்க, அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். சான் பெல்லெக்ரினோ மலையுச்சியை நெருங்கும்போது முன்னால் மிச்சம் இருந்தது இருவர்தான்: ஃபோக்ட்டும் ஸ்பெயினின் ஹுவான் மானுவேல் காராத்தேயும். மிச்சம் பிடித்த கால்களோடு ஃபோக்ட் எளிதாக வென்றிருக்கலாம், விதி எதுவும் தடுக்கவில்லை. அவர் காராத்தேவைத் தட்டிக்கொடுத்து, நீ போ என்று விட்டுவிட்டார். தான் உழைக்காத கூட்டத்தில் வெற்றியைத் தான் எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது அவர் எண்ணம். பெலட்டானில் இப்படி எழுதப்படாத நியாயங்கள் நிறைய உண்டு. வெற்றிப் பட்டியலில் அன்றைய பெயர் காராத்தே. அன்று பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர் ஃபோக்ட்.

அதே 2006 ஜூலையில், பெஸியே நகரிலிருந்து மொந்தெலிமார் வரை 230 கிலோமீட்டர் ஓடிய 13-வது டூர் கட்டத்தில் ஐந்து பேர் தப்பித்தார்கள். மஞ்சள் ஜெர்சி அமெரிக்காவின் ஃபிளாய்ட் லாண்டிஸிடம் இருந்தது. அவருடைய அணி மும்முரமாகத் துரத்தவில்லை. ஜெர்சியை வைத்திருப்பவரின் அணிதான் தினமும் முகப்பில் உழைக்க வேண்டும் என்பது வழக்கம். உதவி வீரர்களின் கால்களைக் கடைசி வாரத்துக்குச் சேமிக்க, ஜெர்சியைச் சில நாள் வேறொருவருக்குக் கடன் கொடுப்பது நல்ல தந்திரம். ஆனால் கடன் மிகப் பெரிதாகிவிட்டது. கூட்டம் ஏறத்தாழ 30 நிமிடம் பின்தங்கி வந்தது. கட்டத்தை ஃபோக்ட் வென்றார்; அவருடன் வந்த ஆஸ்கர் பெரேய்ரோவுக்கு மஞ்சள் ஜெர்சி. வழக்கமாக டூர் முடியும் பாரிஸில் லாண்டிஸ் சாம்பியனாக நின்றாலும் பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பட்டம் பறிபோனது. சாம்பியன் பட்டம் பெரேய்ரோவுக்கு வந்தது.

ஊக்கமருந்தைப் பற்றிப் பேசாமல் அந்தக் காலத்தைக் கடந்துபோவது நேர்மையாகாது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. 1999 முதல் 2005 வரை டூர் சாம்பியன் இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. பாஸோ 2007-இல் தடை பெற்றார். தன் 1996 டூர் வெற்றி ஊக்கமருந்தோடு வந்தது என்று ரீஸ் அதே ஆண்டு ஒப்புக்கொண்டார். ஃபோக்ட் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை, தான் பயன்படுத்தியதில்லை என்றே சொல்லிவருகிறார். அவர் உழைத்துக் கொடுத்த தலைவர்களில் சிலரின் பெயருக்குப் பக்கத்தில் அழியாத கறை இருக்கிறது. உதவி வீரரின் வாழ்க்கையில் இதுவும் ஒரு பாரம்.

2008 டூரில் சி.எஸ்.சி.யின் திட்டம் முழுமையாகப் பலித்தது. மலை நாட்களில் ஃபோக்ட் கூட்டத்தின் முகப்பில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போக, எதிரணித் தலைவர்களின் உதவி வீரர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். சி.எஸ்.சி.யின் கார்லோஸ் சாஸ்ட்ரே 17-வது கட்டத்தில் ஆல்ப் டுவேஸ் அடிவாரத்திலேயே கிளம்பி, எதிரணியின் கேடல் இவான்ஸைவிட 2 நிமிடம் 15 விநாடி முன்னதாக உச்சிக்கு வந்தார். பாரிஸில் சாஸ்ட்ரேதான் சாம்பியன்; இருவருக்கும் இருந்த வித்தியாசம் 58 விநாடி. அதில் ஃபோக்ட் மிதித்துக் கொடுத்த பங்கு எத்தனை விநாடி என்று எந்தக் கருவியும் சொல்லாது. இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, கடைசியில் வருபவர்களின் பந்தயம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேர வரம்பு உண்டு: வென்றவரின் நேரத்தைவிட இவ்வளவு சதவீதத்துக்குள் வர வேண்டும். தாண்டினால் மறுநாள் கிளம்ப முடியாது. மலை நாட்களில் களைத்தவர்கள், கனமானவர்கள், காயம்பட்டவர்கள் எல்லாம் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, வரம்பைக் கணக்குப் போட்டு ஒன்றாக வந்து சேர்வார்கள். அதற்கு க்ருப்பெட்டோ என்று பெயர். 2005-இல் ஃபோக்ட் இரண்டாம் முறையாக மஞ்சள் ஜெர்சி அணிந்தார். ஜெர்சி போன மறுநாளே, காய்ச்சலோடு ஓட்டியவர், நேர வரம்பைத் தாண்டி வந்ததால் வெளியேற்றப்பட்டார்.

2009-இல் பெத்தி சான் பெர்னார் கணவாயின் இறக்கத்தில் முகம் தரையில் மோத விழுந்தார். கன்ன எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு மறுபடி வந்தார். மறுபடி விழுந்தார், பெரீசூர்த் மலை இறக்கத்தில், முன்சக்கர டயர் வெடித்து. சைக்கிள் உடைந்துவிட்டது, அணியின் கார்கள் முன்னே போய்விட்டன. விலகுபவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அவர் ஏற மறுத்தார். கிடைத்தது சிறுவர்கள் ஓட்டும் அளவிலான ஒரு மஞ்சள் சைக்கிள். பெரிய ஆள், சின்ன சைக்கிள், உடம்பெல்லாம் சிராய்ப்பு. வழியில் ஒரு போலீஸ்காரரிடம் அணி விட்டுச்சென்றிருந்த சொந்தச் சைக்கிளை அடையும்வரை அதையே மிதித்தார். பிறகு க்ருப்பெட்டோவைப் பிடித்து, வரம்புக்குள் வந்து, அந்த வாரம் பாரிஸையும் அடைந்தார். முந்தைய வருடம் தவறவிட்ட பாரிஸை இந்த முறையும் விடக் கூடாது என்ற பிடிவாதம்.

அவருக்கென்று வெற்றிகளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு நாள் போட்டியான கிரிதேரியம் இன்டர்நேஷனலை 5 முறை வென்றிருக்கிறார். ஜெர்மனி டூரை 2006, 2007 இரண்டு ஆண்டும் வென்றார். சிறிய போட்டிகளில் தலைமை தாங்கவும் பெரிய போட்டிகளில் பணி செய்யவும் ஒரே ஆளால் முடியும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

சைக்கிள் வீரர்கள் பெரும்பாலும் 35 வயதை ஒட்டி ஓய்வு பெறுகிறார்கள். முதலில் போவது கடைசி நொடி வேகம். நீடித்து ஓட்டும் திறன் பிறகே குறைகிறது. ஃபோக்ட்டிடம் இருந்தது அந்த இரண்டாவதுதான், அதனால் 42 வயது வரை ஓடியது. 2014 டூர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கியது. முதல் நாளே அவர் கூட்டத்திலிருந்து தப்பித்து, மலையேற்றப் புள்ளிகளுக்கான பொட்டு ஜெர்சியை எடுத்தார். போட்டியில் எல்லோரிலும் மூத்தவர் அவர். 17-வது டூர் அது. அன்றைக்கு அதிக டூர்களில் பங்கேற்ற சாதனையில் அவருக்கும் பங்கு இருந்தது.

சாலைப் பந்தயங்களை ஆகஸ்டில் முடித்துக்கொண்டவர், செப்டம்பர் 18 அன்று, 43-வது பிறந்தநாளுக்கு மறுநாள், சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் உள்ளரங்க ஓடுதளத்தில் இறங்கினார். ஒரு மணி நேரத்தில் தனியாக எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற பழைய சாதனைக்கான முயற்சி. 2005-இல் செக் வீரர் ஆந்த்ரேய் சோசென்கா போட்ட 49.7 கிலோமீட்டரை ஒன்பது ஆண்டுகளாக யாரும் முறியடிக்கவில்லை. 2014-இல் விதிகள் மாறி நவீன ஓடுதளச் சைக்கிள்களுக்கு அனுமதி வந்ததும் முதலில் முன்வந்தவர் ஃபோக்ட். அங்கே தலைவரும் இல்லை, தப்பித்த கூட்டமும் இல்லை, ஒளிந்துகொள்ள ஒருவர் முதுகும் இல்லை. 51.1 கிலோமீட்டர் ஓட்டினார்.

அந்தச் சாதனை ஆறு வாரமே நீடித்தது. ஆஸ்திரியாவின் மத்தியாஸ் பிராண்ட்லே 51.852 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனார். 2015 ஜூனில் பிராட்லி விக்கின்ஸ் 54.526. 2022 அக்டோபரில் ஃபிலிப்போ கன்னா, அதே கிரென்ஷன் ஓடுதளத்தில், 56.792. ஃபோக்ட் அப்போது தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆகியிருந்தார்.